கையில் வைத்த இரும்பு

அவர் கையில் யாராவது ஒரு இரும்பை வைத்துவிட்டால், அதை உரியவரிடம் திருப்பிக் கொடுக்கும்வரை அவருக்குச் சோறு இறங்காது. அவரைப் பற்றி யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான். கேட்பவர் விழிப்பார். சும்மா இருக்கிறவர் கையில் எதற்கு இரும்பை வைக்கிறார்கள் என்பார். அவருக்கு வலிப்பு வரும் என்பதை அப்புறம்தான் சொல்வேன்.

ஒரகடத்தில் கார்களுக்குத் தகடு அடித்துக் கொடுக்கிற கம்பெனி ஒன்றில் நான் ஃபிட்டர். அவர் அங்கே டூல் ரூம் பார்த்துக்கொண்டார். கம்பி வலை போட்ட அறை, அதில் ஒரு ஜன்னல். ஸ்பேனரோ சுத்தியலோ அரமோ எது வேண்டுமானாலும் உங்கள் நம்பர் போட்ட பித்தளை டோக்கனை அவரிடம் நீட்ட வேண்டும். டோக்கன் ஆணியில் தொங்கும், சாமான் உங்கள் கைக்கு வரும். சாமான் திரும்பி வந்தால்தான் டோக்கன் திரும்பும். முன்பு அவர் பிரஸ் மெஷினில் ஆபரேட்டராக இருந்தவர். வலிப்பு இருப்பது தெரிந்ததும் மெஷின் பக்கமே வரக் கூடாது என்று இந்த வலைக்குள் போட்டுவிட்டார்கள்.

ஷிப்ட் முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது அவர் குரல் கிளம்பும். பிரஸ் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும். "இன்னாபா முருகா, பதினேழு பதினெட்டு ரிங்கு இன்னும் வர்ல! டே செல்வம், ஃபீலர் கேஜ் உன்கிட்டதான கீது? பஸ்ல ஏறிக்கினு ஊருக்குப் பூடப் போற, வெச்சிட்டுப் போ!" டோக்கன் நம்பரைப் படிக்க மாட்டார். ஆள் பெயர், சாமான் பெயர், இரண்டும் தண்ணீர் பட்ட பாடாக வரும். அந்த அறையில் இருந்த அத்தனை இரும்புக்கும் அவர் வாயில் பெயர் இருந்தது. நாங்கள் 'அது', 'இது' என்று கை காட்டினால் கோபம் வரும். "பேரு சொல்லிக் கேளு. பேரு இல்லாத சாமானா வெச்சிகினு இருக்கேன்?"

அவருக்கு வரும் வலிப்பு சத்தமில்லாமல் வரும். பேசிக்கொண்டே இருப்பவர் நடுவில் நிறுத்துவார். வாய் எதையோ மெல்லும். கண் நம்மைத் தாண்டி எங்கேயோ பார்க்கும். சில நாள் அதோடு சரி. சில நாள் அப்படியே சரிந்து விழுந்து உடம்பு உதறும். இரண்டு நிமிஷம் இருக்கும். பார்ப்பவருக்கு அது ரொம்ப நேரம்.

வலிப்பு வந்தவன் கையில் இரும்பைக் கொடு என்று நம் ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் பக்கம் இரும்புக்கு என்ன பஞ்சம்? கம்பெனி பஸ் டிரைவர் ஜாக்கி லீவரைக் கொடுத்தார். கேட் செக்யூரிட்டி பூட்டைக் கொடுத்தார். டீக்கடைக்காரர் வடை திருப்பும் கம்பியை எண்ணெயோடு கொடுத்து, உள்ளங்கை கொப்பளித்துப்போனது. நினைவு வந்ததும் எல்லோரும் கேட்பதுபோல 'நான் எங்கே இருக்கேன்' என்று அவர் கேட்க மாட்டார். கையைப் பார்ப்பார். "இது யாருது?" என்பார்.

அந்த வடைக் கம்பியை மறுநாள் சோப்புப் போட்டுக் கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்தார், கொப்பளித்த கையோடு. ஒரு தடவை ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டில் விழுந்தபோது யாரோ ஒரு அம்மா வீட்டுச் சாவிக் கொத்தைத் திணித்துவிட்டு, பஸ் வந்த அவசரத்தில் ஏறிப் போய்விட்டார். இவர் நான்கு நாள் அதே நேரத்துக்கு அங்கே போய், சாவிக் கொத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். ஐந்தாம் நாள் அந்த அம்மா அகப்பட்டார். அதற்குள் பூட்டை உடைத்துவிட்டிருந்தார்கள். "பாவம்பா, என்னால பூட்ட ஒடச்சிகினு வூட்டுக்குள்ள போயிருக்கு அது" என்று ஒரு வாரம் புலம்பினார்.

"அண்ணே, இரும்பு வைச்சா வலிப்பு நிக்காதுன்னு உங்களுக்குத்தான் தெரியும்ல?" என்று கேட்டேன்.

"தெரியும். டாக்டரு சொன்னாரு. தானா நின்னுடுமாம். ஒருக்களிச்சுப் படுக்க வெச்சுட்டு பக்கத்துல இருந்தாலே போதுமாம்."

"அப்புறம் எதுக்கு இந்த அலைச்சல்?"

"பயந்துகினு நிக்கறவன் கையில இன்னா கீதோ அதக் குடுக்கறான். அவன் குடுத்துட்டான்ல? நாம திருப்பிக் குடுக்கணும்ல?"

இதற்கு மேல் அவரோடு பேச முடியாது.

நான் விருதுநகர் பக்கத்துக்காரன். வல்லத்தில் நான்கு பேர் சேர்ந்து ரூம் எடுத்து இருந்தோம். போனில் எதையாவது படித்துவிட்டுக் கேன்டீனில் வந்து அளப்பேன். அதனால் அவர் எனக்கு வைத்த பெயர் சயின்டிஸ்ட்டு. இரும்பு கொடுப்பது மூடநம்பிக்கை, அது பல்லை உடைக்கும், விரலை முறிக்கும் என்று ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் நான்கு பேரை உட்கார வைத்து வகுப்பே எடுத்தேன். அவரும் தயிர்ச் சாதத்தைப் பிசைந்துகொண்டு கேட்டார்.

அடுத்த வாரமே, நான் ஜன்னலில் தனியாக நிற்கும்போது அவருக்கு வந்தது. வாய் மென்றது. சரிந்தார். நான் வலைக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே ஓடினேன். எடுத்த வகுப்பு எங்கே போனதோ தெரியாது. கை தானாக என் பேன்ட் பைக்குள் போய், லாக்கர் சாவியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கியது. வைத்துவிட்டு ஆள் கூப்பிட ஓடினேன். நான் வகுப்பு எடுத்த அதே நான்கு பேரோடு திரும்பி வந்தபோது அவர் எழுந்து உட்கார்ந்து கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது யாருது?"

நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நான் கூரையைப் பார்த்தேன். வெட்கம்தான், வேறொன்றுமில்லை. மறுநாள் காலையில் டோக்கனைக் கொடுத்து அவரிடமே ஹாக்ஸா வாங்கிப் போய், உடை மாற்றும் அறையில் என் லாக்கர் பூட்டை அறுத்தேன். புதுப் பூட்டு வாங்கிப் போட்டேன். அவர் கையில் இருந்த பழைய சாவியில் நம்பர் கிடையாது. அவர் அதை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்துக்கொண்டார். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து நீட்டுவார். "சயின்டிஸ்ட்டு, இந்தச் சாவி யாருதுனே தெர்ல. உன்னுதா பாரு."

"இல்லண்ணே."

"நல்லாப் பாரு."

"என்னுது இல்லண்ணே."

ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால் அப்புறம் அதற்குக் காவல் இருக்க வேண்டியதுதான்.

மூன்று வகை மாத்திரை சாப்பிட்டும் அவருக்கு வலிப்பு நிற்கவில்லை. சென்னையில் அவர் பார்த்துவந்த டாக்டர் ஸ்கேன் எல்லாம் எடுத்துவிட்டு ஆபரேஷன் செய்யலாம் என்றார். இடது காதுக்கு மேலே, மூளையில் ஒரு சின்ன இடத்தில் இருந்து கோளாறு கிளம்புகிறது, அந்த இடத்தை எடுத்துவிட்டால் வலிப்பு நிற்க நல்ல வாய்ப்பு இருக்கிறது என்று சொன்னாராம். கூடவே இன்னொன்றும் சொன்னார். அவருக்குப் பெயர்கள் தங்கியிருக்கிற இடம் அதை ஒட்டினாற்போல இருக்கிறது. எடுத்தபின் சாமான் பெயர், ஆள் பெயர் சட்டென்று வராமல் போகலாம். பொருள் தெரியும், பெயர் வாயில் வராது.

கேன்டீனில் இதைச் சொல்லும்போது அவர் சோற்றில் கையை வைத்தபடியே இருந்தார். "நட்டு போல்ட்டு மறந்தா பரவால்ல. பாப்பா பேரு மறந்து பூட்டா?"

பாப்பா அவருடைய ஒரே மகள். அப்போது மூன்றாம் வகுப்பு.

அங்கேதான் நான் என் வாயை அடக்கியிருக்க வேண்டும். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எதையாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று போனை எடுத்துத் தேடி, படித்துக் காட்டினேன். ஜீன் தெரபி. வெட்டி எடுக்கவே வேண்டாம். ஆளுக்குக் கெடுதல் செய்யாத ஒரு வைரஸுக்குள் ஜீனை வைத்து, கோளாறு கிளம்புகிற அந்த இடத்தில் மட்டும் விடுவார்கள். அந்த ஜீன் உள்ளே போய், துள்ளுகிற செல்களை அடக்கிவைக்கும். பக்கத்தில் இருக்கும் இடத்துக்கு ஒன்றும் ஆகாது. எலிகளிடம் நன்றாக வேலை செய்தது, வெளிநாட்டில் ஒருசில மனிதர்களுக்கும் போட்டுப் பார்க்கத் தொடங்குகிறார்கள்.

அவர் முழுசாகக் கேட்டார். கேட்டுவிட்டு அவருக்கே உரிய கேள்வியைக் கேட்டார்.

"அப்ப வைரஸுதான் டூலு. உள்ள போய் வேலைய முடிச்சதும் அத யாரு வெளிய எடுப்பா?"

"எடுக்க மாட்டாங்கண்ணே. ஜீன் உள்ளேயே இருக்கும். அதான் அதோட வேலை."

"உள்ள போன டூலு திரும்பி வராதா?"

"வராது."

"அப்ப தப்பா போய்ட்டா?"

நான் மறுபடியும் போனைத் தேய்த்தேன். அவர் அந்தக் கேள்வியை ஒரு மாதம் பத்திரமாக வைத்திருந்து டாக்டரிடம் கொண்டுபோனார். டாக்டர் சிரிக்கவில்லையாம். "நீங்க கேக்கறதத்தான் அவங்களும் கேட்டுக்கிட்டு இருக்காங்க. ஒருதடவை உள்ள விட்டா திரும்ப எடுக்க முடியாது, அதனாலதான் நிதானமாப் பாக்கறாங்க. இப்போதைக்கு நம்மகிட்ட இருக்கறது ஆபரேஷன்தான். யோசிச்சுச் சொல்லுங்க" என்றிருக்கிறார். இவர் காதில் விழுந்தது நிதானம் என்ற பாதிதான். அந்த நிதானம் அவருக்குப் பிடித்துப்போயிற்று. திரும்பி வராத டூலை அவசரப்பட்டுக் கொடுக்கக் கூடாது என்பது அவருக்குப் புரிகிற நியாயம். காத்திருப்பது என்று முடிவுகட்டிவிட்டார்.

மூன்று வருஷம் காத்திருந்தார். டாக்டரைப் பார்த்துவிட்டு வரும் நாளெல்லாம் நான் ஜன்னலுக்குப் போவேன். உள்ளங்கையைத் திருப்பிக் காட்டுவார். அந்தச் சிகிச்சை இன்னும் வரவில்லை என்று அர்த்தம். "நீ பாத்தியா?" என்பார். நானும் தேடிப் படித்துவிட்டுத்தான் வந்திருப்பேன். எல்லாச் செய்தியிலும் 'நம்பிக்கை தருகிறது' என்று இருக்கும். எந்தச் செய்தியிலும் தேதி இருக்காது. "நல்லாத்தான் போய்க்கிட்டு இருக்குண்ணே" என்பேன். அந்த வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லி எனக்கே சலித்துவிட்டது. ஓவர்டைம் முடித்து வரும் நாட்களில், சாமானைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவர் கேட்பதற்குள் நகர்ந்துவிடப் பார்த்திருக்கிறேன்.

அவர் மனைவி செல்போன் கம்பெனி ஒன்றில் அசெம்பிளி லைனில் இருந்தார். ஒருநாள் மதியம், ஷிப்டுக்குப் போகிற வழியில், எங்கள் கம்பெனி பஸ் ஸ்டாப்பில் எனக்காக நின்றுகொண்டிருந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அண்ணா, அந்த ட்ரீட்மென்ட்டு எந்த வருஷம் வரும்னு மட்டும் சொல்லுங்க. அஞ்சு வருஷமா, பத்து வருஷமா, எதுனா சொல்லுங்க. காத்துகினு இருக்கேன். அவரு பாத்ரூம் போனாக்கூட தாப்பா போட வுடறதில்ல. வேலையில இருக்கறப்போ போன் அடிச்சா அவரு எங்கனா வுழுந்துட்டாருனுதான் எடுக்கறேன். வருஷமே தெரியாம எப்டிண்ணா காத்துகினு இருக்கறது?"

"எனக்குத் தெரியாதும்மா" என்றேன்.

"தெரியாதுனு அவருகிட்ட சொல்லுங்களேன். உங்க பேச்சதான் கேக்கறாரு."

சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, மறுநாளும் சொல்லவில்லை. தெரியாது என்று சொல்ல சயின்டிஸ்ட்டுக்கு வாய் வரவில்லை.

பிறகு ஒரு லாரி வந்தது. ஒரு சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் இருந்து இறங்கி வல்லக்கோட்டை ரோட்டைக் கடக்கும்போது அவருக்கு வந்துவிட்டது. நடு ரோட்டில் விழுந்தார். பின்னால் வந்த கன்டெய்னர் லாரி டயர் கருகும் அளவுக்கு பிரேக் அடித்து, அவருக்கு மூன்றடி தள்ளி நின்றது. டிரைவர் குதித்து இறங்கி, வீல் ஸ்பேனரை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டான். நான் அதே பஸ்ஸில் இருந்தேன். ஓடிப்போய்ப் பார்த்தபோது டிரைவர்தான் அதிகம் நடுங்கிக்கொண்டிருந்தான். "நான் இடிக்கலங்க, நான் இடிக்கலங்க" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னான். கூட்டம் கூடியது, பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன, யாரோ அவனை வண்டியை எடு எடு என்று விரட்டினார்கள். போய்விட்டான்.

இவர் கண் திறந்தபோது கையில் ஒரு முழ நீளத்துக்கு வீல் ஸ்பேனர் இருந்தது. லாரி இல்லை.

அடுத்த பத்து நாள் ஒரகடம் சுற்றுவட்டாரத்தில் லாரி நிற்கும் இடங்களில் எல்லாம், தோளில் வீல் ஸ்பேனரோடு ஒருவர் அலைந்ததைப் பலர் பார்த்திருப்பார்கள். சண்டைக்கு வருகிறார் என்று ஒரு யார்டில் கேட்டைச் சாத்திவிட்டார்களாம். அதைச் சொல்லி நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. டிரைவர் கிடைக்கவும் இல்லை.

பதினோராம் நாள் ஜன்னலில் என்னிடம் சொன்னார். "ஆபரேஷன் பண்ணிக்கறேன்னு டாக்டருகிட்ட சொல்லிட்டேன்."

நான் என் டோக்கனை ஜன்னலில் வைத்தேன்.

"சாவி, பூட்டு, ஜாக்கி எல்லாம் திருப்பிக் குடுத்துட்டேன். அந்த லாரிக்காரன் பயந்தான் பாரு, அத எப்டி திருப்பிக் குடுக்கறது? அவன் இன்னும் எந்த ரோட்ல நடுங்கிகினு ஓட்டறானோ."

"அண்ணே, நான் அன்னைக்கு அந்த ஜீன் விஷயத்தை உங்ககிட்ட..."

"நீ சொன்னது பொய்யில்ல சயின்டிஸ்ட்டு. அது வரும். பாப்பா காலத்துல யாருக்காச்சும் வரும். எனக்கு லேட்டு, அவ்ளோதான்." டோக்கனை எடுத்து ஆணியில் மாட்டினார். "இன்னா வேணும், பேரச் சொல்லு."

ஆபரேஷனுக்கு முந்தின நாள் பாப்பா பெயரை பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாராம். உள்ளே கொண்டுபோகும் முன் நர்ஸ் கையை ஸ்பிரிட் வைத்துத் துடைத்துவிட்டார். மனைவி பிறகு சொன்னார். கண் விழித்ததும் பழக்கம்போலக் கையைப் பார்த்திருக்கிறார். கையில் ஒன்றும் இல்லை.

வலிப்பு நின்றுவிட்டது. டாக்டர் சொன்னபடியே நின்றது. சொன்னபடியே இன்னொன்றும் நடந்தது. இரண்டு மாதம் கழித்து அவர் ஜன்னலுக்குத் திரும்பினார். நாம் ரிங் ஸ்பேனர் என்றால் சரியாக எடுத்துக் கொடுத்தார். ஷிப்ட் முடியும் நேரத்தில் ஜன்னலில் வந்து நின்றார். கூப்பிட வாயைத் திறந்தார். "டே... அது... அது இன்னும்..." என்றார். முருகன் அவருக்கு நேர் எதிரே நின்றுகொண்டிருந்தான். முருகனைப் பார்த்துக்கொண்டே நின்றார். பெயர் வரவில்லை. பிரஸ் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு நாங்கள் யாரும் கூப்பிடாமலே போய் எல்லாவற்றையும் திருப்பி வைத்தோம். அந்த மாதக் கடைசியில் அவரே போதும் என்று வேலையை விட்டு நின்றுகொண்டார்.

நான் சொல்லாமல் இருந்திருந்தால் அவர் மூன்று வருஷம் முன்பே ஆபரேஷனுக்குப் போயிருப்பார், லாரிக்கு முன்னால் விழுந்திருக்க மாட்டார். நான் சொன்னதால் மூன்று வருஷம் கூடுதலாக எல்லாப் பெயரையும் வைத்திருந்தார். இரண்டில் எதை நான் செய்தேன் என்று யோசித்து யோசித்து அலுத்துவிட்டது. அவர் வீட்டுக்குப் போகாமல் இருந்ததற்கு அதுதான் காரணம், நேரமில்லை என்று சொன்னதெல்லாம் சும்மா.

போன மாதம் கிருத்திகைக்கு வல்லக்கோட்டை போனேன். கோயிலுக்குக் கொஞ்சம் முன்னால், செருப்பு விட ஒரு தட்டிக் கொட்டகை இருந்தது. செருப்பைக் கழற்றி நீட்டினேன். ஒரு கை அதை வாங்கிக்கொண்டு டோக்கனை நீட்டியது. நிமிர்ந்து பார்த்தேன். அவர்தான். பக்கத்தில் அவர் மனைவி லீவு நாள் என்று துணைக்கு உட்கார்ந்திருந்தார்.

என்னைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. "வா... வா..." என்று என் பெயரைத் தேடினார். கிடைக்கவில்லை. தோளில் ஒரு அடி போட்டார்.

"ஒம்பது மாசமா ஒண்ணும் வர்லண்ணா" என்றார் மனைவி. "இப்ப இவரு பாத்ரூம்ல தாப்பா போட்டுக்கறாரு. இங்க பேரு எதுவும் சொல்ல வேணாம் பாருங்க. டோக்கனக் குடுத்தா போதும். ஒரு ஜோடி மாறினதில்ல இதுவரைக்கும்."

"பாப்பா?"

"ஸ்கூல்ல போட்ட பேரு வர்றதில்ல. பாப்பானுதான எப்பவும் கூப்புடுவாரு, அது வருது. அதுவே போதும்னு இருக்கோம்."

கொட்டகைக் காலில் அந்த வீல் ஸ்பேனரைச் சாய்த்து வைத்திருந்தார். ரோட்டில் லாரிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர் எட்டி டிரைவர் முகத்தைப் பார்த்துக்கொண்டார்.

நான் கிளம்பும்போது கையைப் பிடித்து நிறுத்தினார். ஸ்டூலுக்குக் கீழே இருந்து பிஸ்கட் டின்னை எடுத்தார். அதில் ஒரே ஒரு சாமான்தான் இருந்தது. எடுத்து என் முன்னால் நீட்டினார்.

"இது... இது..."

"சாவி" என்று மனைவி எடுத்துக் கொடுத்தார்.

அவர் அதற்கு இல்லை என்று தலையை ஆட்டினார். யாருது என்று இந்த முறை கேட்கவும் இல்லை. சாவியை மடியில் வைத்துவிட்டு, இடது கை விரலை வளைத்துப் பூட்டு மாதிரிப் பிடித்து, அதன்மேல் வலது கையை முன்னும் பின்னும் இழுத்தார். ஹாக்ஸாவால் அறுப்பதுபோல. கர்ர் கர்ர் என்று வாயால் சத்தமும் போட்டார். பிறகு என்னைக் காட்டிச் சிரித்தார்.

எனக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆனது. சாவியை அவர் கையில் வைத்த மறுநாள் காலையில் நான் அவரிடமேதான் ஹாக்ஸா வாங்கினேன். பூட்டை ஏன் அறுக்கிறேன் என்று அவருக்கு அன்றைக்கே தெரியும். அப்புறம் ஒவ்வொரு முறையும் யாருது என்று கேட்டு நீட்டியது, நானாகச் சொல்லட்டும் என்றுதான். அவரிடம் எல்லாப் பெயரும் இருந்த காலம் முழுக்க நான் வாயைத் திறக்கவில்லை.

"என்னுதுதாண்ணே" என்றேன். "அன்னைக்கு நான்தான் உங்க கையில வைச்சேன்."

சாவியை வாங்கிக்கொண்டேன். அவர் அப்பாடா என்று மூச்சு விட்டு, காலி டின்னைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் இரண்டு தட்டுத் தட்டி எனக்குக் காட்டினார். பின்னால் செருப்போடு ஆட்கள் நின்றார்கள். டின்னை ஓரமாக வைத்துவிட்டு அவர்களிடம் கை நீட்டினார்.